ஒற்றைக்கண் சட்டம்

தமிழ் மரபு மறக்காத சாலை வழக்கு ஒன்று உண்டு. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் பசுங்கன்று மாண்டது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் கிடத்தினான். அவன் சிலை சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. அக்கதையின் சாரம் தண்டனையின் கடுமையன்று. நீதி ஆள்பவனின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது என்பதே.

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 136-ஏ என்னும் பிரிவின்வழி கேமராவைச் சாலைக் காவலாக்கியது. 2021 ஆகஸ்டில் வந்த 167-ஏ விதி, கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றையும், வண்டியோட்டிக்கு முன்கூட்டிய எச்சரிக்கைப் பலகையையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் தலைக்கவசம் அணியாததற்கு அபராதம் ஆயிரம் ரூபாய்.

கேமராவை நாம் எதிர்க்கவில்லை. அது கையூட்டு வாங்காது. ஆளைப் பார்த்து வழிவிடாது. கோவை மருத்துவர் ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் உச்சநீதிமன்றம் 136-ஏ பிரிவை நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களை நெருக்கியது. சாவுகளைக் கண்டு சலித்த ஒரு மருத்துவரின் கோரிக்கையை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை.

நம் வழக்கு வேறு. அதே 2019 சட்டத்தில் 198-ஏ என்றொரு பிரிவும் இருக்கிறது. சாலையை வடிவமைப்பவரோ கட்டுபவரோ பராமரிப்பவரோ பாதுகாப்புத் தரத்தை மீறி, அதனால் எவரேனும் இறந்தாலோ ஊனமுற்றாலோ அவருக்கும் அபராதம் உண்டு. அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். அதாவது, நூறு தலைக்கவச அபராதங்கள்! உயிருக்கு இட்ட இந்த விலையைக்கூட வசூலிக்க எந்தக் கம்பத்தில் எந்தக் கேமரா காத்திருக்கிறது?

பல்லாவரம் முதல் வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் அன்றாடம் அல்லாடும் நமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. மழைக்குப் பின் பள்ளத்தைத் தவிர்க்க ஒருவர் வண்டியைத் திருப்புகிறார். கேமரா திருப்பத்தைப் பதிகிறது, பள்ளத்தின்மேல் வழக்கெழுதுவதில்லை. அழிந்துபோன நிறுத்தக் கோட்டைத் தாண்டியவர் குற்றவாளி. கோட்டை அழியவிட்டவர் அதிகாரி. குரோம்பேட்டையில் கைக்குழந்தையோடு சாலையைக் கடக்கத் தவிக்கும் தாய், எண்பலகை இல்லாதவள். ஆகவே அந்தக் கண்ணுக்கு அவள் இல்லவே இல்லை.

சாலை மோசம் என்பது தலைக்கவசம் அணியாததற்குச் சாக்காகுமா என்று கேட்பார்கள். ஆகாது. அவர் ஆயிரத்தைக் கட்டட்டும். ஆனால் அவரைத் தண்டிக்கும் அதே ஒளிப்பதிவு, சாலையைக் கெடுத்தவர்மீதும் சான்றாக வேண்டும். கருவிகளின் ஒப்புதல் சான்றுகள் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். எந்தச் சந்திப்பில் எத்தனை அபராதம், எத்தனை சாவு என்ற கணக்கும், அந்தப் பணம் எந்த நடைபாதையாக மாறியது என்ற கணக்கும் வெளியாக வேண்டும்.

அதுவரை இச்சட்டம் ஒற்றைக்கண் சட்டமே. சோழன் தேரைத் தன் வீட்டை நோக்கித் திருப்பினான். நம் ஆட்சியாளர்கள் கேமராவையாவது திருப்பட்டும்.