மந்த காலத்தில் தொழில் தொடங்கலாமா?

வேலை வாய்ப்புக் குறைந்து, வியாபாரம் படுத்து, வாங்குவோர் கை சுருங்கும் நிலையைப் பொருளாதார மந்தம் என்கிறோம். அத்தகைய காலத்தில் புதிதாக ஒரு தொழிலைத் தொடங்குவது அறிவுடைமையாகுமா? "இருப்பதைக் காப்பாற்றினால் போதும்" என்பார் பலர். "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்பார் சிலர். தொடங்கலாம் என்பதே என் கருத்து. ஆனால், மந்த காலத்திலும் மக்களுக்கு நீங்காத தேவை எது என்று முதலில் காண வேண்டும். போனாலும் குடும்பம் தாங்கக்கூடிய பணத்தையே முதலாகப் போட வேண்டும்.

இதற்குச் சான்று நம் சென்னையிலேயே உண்டு. 1906 அக்டோபரில் அர்பத்நாட் என்ற ஆங்கிலேய நிறுவனம் நொடித்துப் போயிற்று. ஆயிரக்கணக்கானோர் நம்பி ஒப்படைத்த சேமிப்பை அது ஆபத்தான முயற்சிகளில் போட்டு இழந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத் தண்டனை பெற்றார். பணத்தைப் பிறரிடம் கொடுக்கவே மக்கள் அஞ்சிய அவ்வேளையில், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் இந்தியரே நடத்தும் வங்கி ஒன்றை அமைக்க முன்வந்தார். நகரத்தார் வணிகர்களும் துணை நின்றனர். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கியது. இன்றும் அது நிலைத்து நிற்கிறது.

காரணம் என்ன? நிறுவனம் விழுந்தாலும், பணத்தைப் பத்திரமாக வைக்க ஓரிடம் வேண்டும் என்ற தேவை விழவில்லை. மேலும், பலர் பங்கு சேர்ந்ததால் ஒரே குடும்பத்தின் தலையில் பாரம் இறங்கவில்லை.

இனி நம் கேளம்பாக்கத்தைப் பார்ப்போம். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. சிறுசேரி சிப்காட்டில் பணிபுரிந்த கணினித் துறையினர் வீட்டிலிருந்தே வேலை செய்யலாயினர். அவர்களை மட்டுமே நம்பியிருந்த மெஸ்களும் தேநீர்க் கடைகளும் விடுதிகளும் வெறிச்சோடின. அதே ஆண்டில் தமிழகமெங்கும் மகளிர் சுய உதவிக் குழுவினர் முகக்கவசம் தைத்து வருமானம் தேடினர். முகக்கவசத்தின் தேவை தீர்ந்த பின்னும் தையல் இயந்திரமும் கைத்தொழிலும் அவர்களிடமே இருந்தன. இரவிக்கை தைக்கலாம், பள்ளிச் சீருடை தைக்கலாம்.

ஆனால், வேலை இழந்த ஒரு வீட்டில் கடை வைக்க எண்ணினால் முதலில் அடகுக்குப் போவது எது? தாயின் வளையல். அடுத்தது மகளின் கல்லூரிப் படிப்புக்கெனச் சேர்த்த பணம். "கடை ஓடட்டும், பிறகு படிக்கலாம்" என்று மகளிடம் சொல்வார்கள். மகனிடம் இவ்வாறு சொல்லும் வீடுகள் குறைவு. கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி மாதந்தோறும் ஏறும். தவறிய கல்லூரி ஆண்டோ எளிதில் திரும்பாது. மகளின் படிப்பு, நட்டத்தைத் தாங்கும் முதல் அன்று. கடை தோற்றாலும் அக்குடும்பத்தை நாளை தாங்கப்போவது அப்படிப்பே.

கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை இயேசுபிரான் உவமையால் விளக்கினார். வள்ளுவரும் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்தார். அன்புள்ள பெற்றோரே, நீங்களும் உட்கார்ந்து கணக்கிடுங்கள். அப்போது எங்களையும் அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். கூட்டல் கழித்தலோடு வட்டிக் கணக்கும் இப்பள்ளியில் கற்றிருக்கிறோம். தோழியரே, அக்கணக்கை வீட்டில் போட்டுக் காட்ட நாமும் தயங்க வேண்டாம்!

– பத்தாம் வகுப்பு மாணவி