வீட்டில் ஒருவருக்கு வந்தால்

“வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் வந்ததுபோலத்தான். இனி ஒதுங்கி இருந்தென்ன, ஒதுங்காமல் இருந்தென்ன?” கொரோனா பரவிய நாட்களில் இத்தகைய பேச்சை வன்னியிற் பல இல்லங்களில் நாம் கேட்டோம். இவ்வெண்ணம் பிழையானது, அதனால் விளையும் தீங்கும் சிறியதன்று.

2021 மே மாதத்தில் புதுக்குடியிருப்பில் ஆடைத் தொழிற்சாலைப் பணியாளரிடையே இந்நோய் பெருகியது. புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, முள்ளியவளை ஆகிய பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. வீதிகள் அடங்கின. ஆனால், முன்னரே வீட்டினுள் புகுந்துவிட்ட நோயை அடைத்த வீதி என்ன செய்யும்? அதனைத் தடுக்கும் பொறுப்பு வீட்டாரையே சார்ந்தது.

பல நாடுகளில் நிகழ்ந்த 54 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையொன்று, 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழொன்றில் வெளிவந்தது. நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேருக்கே நோய் தொற்றியதென அது கூறிற்று. பின்னர் வந்த ஒமிக்ரோன் திரிபு இத்தொகையை 40க்கு மேல் உயர்த்தியது. அப்பொழுதும் பாதிக்கு மேற்பட்டோர் தப்பினர். ஆகவே, எல்லோருக்கும் வந்தே தீரும் என்பது விதியன்று.

எவருக்கு மிகுதியாகத் தொற்றியது? கணவன் அல்லது மனைவிக்கு நூற்றுக்கு 38. ஏனைய குடும்பத்தவருக்கு 18. இருமலும் காய்ச்சலும் உள்ளவரிடமிருந்தே அது பெரிதும் பரவியது. நெருங்கிப் பழகுவோரையும் அருகிற் படுப்போரையுமே நோய் முதலில் நாடுகிறது. அன்பு செல்லும் வழியிலேயே அதுவும் செல்கிறது.

பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள், அடைத்த அறையில் அடுப்புப் புகைபோலத் தங்கி நிற்கின்றன. குசினியில் ஈரவிறகு புகைந்தால் யன்னலைத் திறவாதிருப்போமா? நோயாளி இருக்கும் அறைக்கும் அதுவே முறை.

“தனியறைக்கு எங்கே போவது?” என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில் எழுந்த வீடுகள் 550 சதுர அடியளவின. ஆச்சி முதற் பேரப்பிள்ளை வரை அதனுள்ளேதான் வாழவேண்டும். எனினும், யன்னலுள்ள அறையை நோயாளிக்கு விட்டு, மற்றையோர் விறாந்தையிற் பாய் விரிக்கலாம். ஒருவர் மட்டுமே பணிவிடை செய்யட்டும். அவர் முதியவராகவோ நீரிழிவு உள்ளவராகவோ இல்லாதிருத்தல் நன்று. அறையினுள் இருவரும் முகக்கவசம் அணிக. உண்ணும்போது அது அகல்வதால், நோயாளிக்கு உணவு தனியே செல்லட்டும்.

இவை யாவும் முதல் இருமலிலேயே தொடங்கவேண்டும். ஊர் என்ன சொல்லுமோ என்றஞ்சி இருமலை மறைப்பவர், தம் வீட்டு முதியவரையே ஆபத்துக்குள்ளாக்குகிறார். மறைக்கத் தூண்டும் ஊர்வாய்க்கும் அப்பழியிற் பங்குண்டு.

போரிற் கணவரை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் வன்னியிற் பலர். உழைப்பவரும் அவரே, நோயுற்ற பிள்ளையின் அருகில் விழித்திருப்பவரும் அவரே. அவர் படுத்தால் அடுப்பு எரியாது. “எனக்கு வந்தாற் பரவாயில்லை” என்று அத்தாய் சொல்லக்கூடும். நமக்குப் பரவாயில்லையா? அயலார் சோற்றுப் பொதியொன்றைப் படலையில் வைத்துக் குரல் கொடுத்தாற் போதும். அவளுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் இந்நோய் பற்றிய அவசர நிலையை நீக்கியது. நோயோ உலகைவிட்டு நீங்கவில்லை. இன்புளுவன்சாக் காய்ச்சலும் காற்றுவழியே பரவக்கூடியது. எனவே, வீட்டில் ஒருவர் இருமினால் இன்றிரவே யன்னலைத் திறவுங்கள். பாயைச் சற்றுத் தள்ளி விரியுங்கள். தள்ளிப் படுப்பது அன்பின்மை ஆகாது.