அணில் கடித்த வயருக்கு ரேப் சுற்ற வேண்டாம்

தீபாவளி வந்தால் எங்கள் வீடுகளின் முகப்பில் மின்குமிழ் மாலை ஏறிவிடும். அதைக் கழற்றாமல் கார்த்திகை விளக்கீட்டுக்கும் விட்டு, நத்தாருக்கும் விட்டு, தைப்பொங்கல் முடியக் கழற்றுகிற தமிழ் வீடுகள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கனக்க உண்டு. போன இதழில் பனிச்சப்பாத்து வாங்குவது பற்றி எழுதியதைப் படித்த சிலர், "லைற் மாலையைப் பற்றியும் எழுதுங்கோ, கட்டின மூன்றாம் நாளே பாதி அணைஞ்சு போகுது" என்று கேட்டிருந்தார்கள். ஆகவே இம்முறை அதுதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். காலையில் எழும்பிப் பார்த்தால் வயர் கத்தியால் அறுத்தது போலத் துண்டாகிக் கிடக்கும். புதிதாகக் குடியேறியவர்களுக்கு உடனே மனம் எங்கேயோ போகும். நாங்கள் வந்தது பிடிக்காமல் யாரோ வெட்டிப்போட்டார்கள் என்று தோன்றும். நாங்கள் வளர்ந்த காலத்தில் இரவில் நாய் குரைத்தாலே அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. அந்தப் பயம் விமானம் ஏறியதும் போய்விடாது. இப்படி நினைத்துப் பக்கத்து வீட்டாரோடு இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்த குடும்பம் ஒன்றை எங்களுக்குத் தெரியும். கடைசியில் பிடிபட்டது அணில்.

வெட்டுப்பட்ட இடத்தைக் கிட்டப் பார்த்தால் விளங்கும். (பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.) அணிற் பல் பட்டிருந்தால் ஓரத்தில் சின்னச் சின்னக் கீறல் இருக்கும், தோல் பிய்ந்திருக்கும், கீழே பச்சைப் பிளாஸ்ரிக் துகள் சிந்திக் கிடக்கும். நிலத்தோடு ஓடுகிற வயர் என்றால் முயலாகவும் இருக்கலாம். இந்த ஊர் முயல் மாரியில் பச்சை கிடைக்காமல் செடித் தண்டுகளைத் தின்னும். அது ஒரே நறுக்காக நறுக்குவதால் கத்தி வெட்டுப் போலவே இருக்கும். அவசரப்பட்டு அயலவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஊர் அணிலை நினைத்துக்கொண்டு இந்த அணிலைப் பார்க்கக் கூடாது. முதுகில் மூன்று கோடு போட்ட எங்கள் அணில் கொய்யாப்பழம் கோதும். அணில் கோதின பழம்தான் இனிப்பு என்று தேடித் தின்றவர்கள் நாங்கள். இங்கே இருப்பது சாம்பல் அணில். ரொறன்ரோவில் கறுப்பாகத் திரிவதும் அதே இனம்தான், நிறம் மட்டும் வேறு. அரைக்கிலோ பாரம் வரும். மாரி முழுக்க உறங்கிக் கிடக்காது, பனிக்குள்ளும் திரியும். அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துக் கடித்துத் தேய்த்தால்தான் அதற்கு வாழ்வு. கொட்டை, மரப்பட்டை, கூரைச் சட்டம், வயர் எல்லாம் அந்தப் பல்லுக்கு ஒன்றுதான். இலை கொட்டுகிற காலத்தில் கொட்டை புதைப்பதற்காக அது கூட ஓடித்திரியும். நாங்கள் மாலை கட்டுவதும் அந்த நேரத்தில்தான்.

ஏன் பாதி மட்டும் அணைகிறது? பழைய வகைச் சின்னக் குமிழ் மாலையில் 50 குமிழ் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கும். இங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற். அதை 50 குமிழும் பங்குபோட்டு ஒவ்வொன்றும் இரண்டரை வோல்ற் அளவில் எடுக்கும். எங்கே அறுந்தாலும் அந்த 50ம் அணையும். 100 குமிழ் மாலையில் இப்படி இரண்டு வரிசை இருப்பதால் மற்றப் பாதி எரிந்துகொண்டிருக்கும். எல்.ஈ.டி. மாலைகளும் பெரும்பாலும் இப்படிப் பகுதி பகுதியாகத் தொடுத்தவைதான். அணைந்த பக்கத்தில் கரண்ட் இல்லை என்று நினைத்துக் கைவைப்பதுதான் ஆபத்து. குமிழ் எரியாவிட்டாலும் அறுந்த நுனி ஒன்றில் 120 வோல்ற்றும் நிற்கும். ஊரில் 230, இங்கே பாதிதானே என்றும் சிலர் சொல்வதுண்டு. ஈரச் சப்பாத்தோடு பனியில் நிற்கிற ஆளைக் கொல்ல 120 போதும்.

தொழிற்சாலையில் வேலை செய்கிற எங்களுக்கு இது புதுக் கதை இல்லை. மெஷினைத் திருத்த முன் கரண்டை நிறுத்திப் பூட்டுப் போட்டு, திறப்பைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த கிழமையே பழக்கினார்கள். வயரின் தோல் உரிந்திருந்தால் அட்டை கட்டி ஒதுக்கிவிடுவார்கள், ரேப் சுற்றிப் பாவிக்க விடமாட்டார்கள். அதே சட்டத்தை வீட்டுக்கும் கொண்டு வரவேண்டும். கறுத்த ரேப் நல்ல சாமான்தான், ஆனால் பனி உருகி உருகி உறைகிற இடத்தில் அதன் பசை விட்டுப்போகும், உள்ளே தண்ணீர் இறங்கும். விறாந்தை மரத்தோடு ஒட்டிக் கிடக்கிற வயர் என்றால் நெருப்புப் பயமும் உண்டு. கடித்த மாலையை எறியத்தான் வேண்டும். காசு நோகும். ஆனாலும் சாதாரண மாலை ஒன்று ஓரிரு மணித்தியாலச் சம்பளத்துக்குள் வரும். எறியும்போது நீலத் தொட்டிக்குள் போட வேண்டாம், குப்பை பிரிக்கும் மெஷினில் சுற்றிக்கொள்ளும்.

இனி, கடிக்காமல் பார்ப்பது எப்படி?

அணிலுக்குப் பாதை உண்டு. வேலியின் மேற்சட்டம், படிக் கைபிடி, மரக் கிளை, அங்கிருந்து கூரை. இரண்டு காலை யன்னலுக்குள் நின்று பார்த்தால் அது ஓடுகிற வழி உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த வழியில் மாலை கட்டாதீர்கள். வேலியிலும் மரத்திலும் சுற்றின மாலைதான் முதலில் போகும். கூரைப் பீலியில் கொழுவுவதற்கு என்றே பிளாஸ்ரிக் கொழுவிகள் விற்கிறார்கள், அதில் மாலை தொங்கினால் அணிலுக்கு இருந்து கடிக்க இடம் குறைவு. ஆணியோ ஸ்ரேப்பிளோ வயருக்கு மேலாக அடிக்க வேண்டாம், அணில் செய்யாத வேலையை அது செய்துவிடும். நிலத்தோடு வருகிற நீட்டு வயரை மலிவான பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுவந்தால் முயலுக்கும் எட்டாது, பனி வழிக்கிற சவளும் வெட்டாது. பெட்டியில் வெளிப்பாவனைக்கு என்று எழுதியிருக்கிறதா, சி.எஸ்.ஏ. போன்ற கனடிய அங்கீகார முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதைவிட முக்கியம், விருந்தாளியைக் கூப்பிடாமல் இருப்பது. ஐப்பசி 31இல் பிள்ளைகள் வாசலில் வைத்த பூசணிக்காய் பிறகும் கிழமைக்கணக்கில் அங்கேயே இருந்தால் அதைத் தின்ன வருகிற அணில் பக்கத்தில் இருக்கிற வயரையும் ருசி பார்க்கும். பறவைக்குத் தீன் வைக்கிற பெட்டியும் அப்படித்தான். பச்சைத் தொட்டியின் பூட்டு ஒழுங்காக விழுந்திருக்கிறதா பாருங்கள். றக்கூன் திறக்க முடியாதபடி பூட்டு வைத்த தொட்டிகளை ரொறன்ரோ நகரசபை 2016இல் கொடுக்கத் தொடங்கியது, ஆனால் பூட்டாமல் விட்டால் எந்தத் தொட்டியும் ஒன்றுதான்.

மிளகாய்த்தூள் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். மிளகாயின் உறைப்பு பாலூட்டி விலங்குகளுக்குத்தான் எரியும், பறவைகளுக்கு உறைக்காது. ஒரு மழையோ ஈரப்பனியோ வந்தால் கழுவுப்பட்டுப் போய்விடும், திரும்பவும் போட வேண்டும். கரைத்துத் தெளிப்பதென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தெளித்து, காய்ந்தபின் கொழுவுங்கள், பொருத்துகிற வாய்களில் படவிட வேண்டாம். குழந்தைகள் கை பிடிக்கிற கைபிடியில் பூசவே வேண்டாம். யாழ்ப்பாணத்து வறுத்த தூளை இதற்குச் செலவழிக்க மனம் வராதவர்களுக்கு, இதற்கென்றே செய்த உறைப்புத் தண்ணீர் தோட்டச் சாமான் கடைகளில் உண்டு. உடுப்புக்குள் வைக்கும் நப்தலின் உருண்டையை முற்றத்தில் கட்டக் கூடாது. பெட்டியில் எழுதியிருக்கிற பாவனைக்கு மட்டுமே அதைப் பாவிக்கலாம் என்பது சட்டம். சின்னப் பிள்ளை எடுத்து வாயில் போட்டால் நஞ்சு.

கூடு வைத்துப் பிடித்து றூஜ் பார்க்கில் விடலாம் என்று வேலைத்தலத்தில் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒன்ராறியோவில் கூட்டில் பிடித்த காட்டு விலங்கை 24 மணித்தியாலத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விடவேண்டும். நஞ்சு வைப்பதும் தடை. அபராதம் வரக்கூடிய குற்றங்கள் இவை. அகதி வழக்கு முடியாமல் இருப்பவர்களுக்கு இந்தச் சின்னத் தலையிடியும் தேவையில்லை. அணிலின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. மாரிக்குப் புதைத்து வைத்த கொட்டைகளை விட்டுத் தெரியாத இடத்தில் இறக்கினால் அது எதைத் தின்னும்? இடம் மாறி வந்த எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்கள் மாலை கட்ட முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கூரையும் அவருடையது, கரண்ட் பில்லும் அநேகமாக அவருடையது. "அண்ணை, பிள்ளையளுக்காக ஒரு மாலை போடட்டோ?" என்றால் மறுப்பவர் குறைவு. வெளிச்சுவர்ப் பிளக்கில் ரெஸ்ற், ரீசெற் என்று இரண்டு சின்னப் பொத்தான் உள்ளதா என்று அப்போதே பாருங்கள். ஐந்து மில்லி அம்பியர் அளவு கரண்ட் வேறு வழியில் ஒழுகினாலே அது நிறுத்திவிடும். மாலை போட்டபின் அது அடிக்கடி நின்றால், பிளக் சரியில்லை என்று யன்னலால் உள்ளே இருந்து வயர் இழுக்கக் கூடாது. எங்கேயோ தோல் கடிபட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. பொத்தானே இல்லாத பிளக் என்றால், அதற்கு உள்ளேயிருந்து இந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்று வீட்டுக்காரர் உரிமம் உள்ள மின்வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு பார்ப்பிக்க வேண்டும்.

அணில் பகலில் திரிகிற பிராணி. ஆகவே பகலில் மாலைக்குக் கரண்ட் வேண்டாம். நேரம் வைக்கிற பெட்டி ஒன்று வாங்கி ஐந்து மணிக்கு எரிய, பதினொரு மணிக்கு அணைய வைத்துவிடுங்கள். இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது வசதி. எரிய முன் யாராவது ஒருவர் வயரை ஒருமுறை கண்ணால் பார்த்து வந்தால் நல்லது. எங்கள் வீட்டில் அந்த வேலை மூத்த பிள்ளைக்கு, பார்ப்பது மட்டும், தொடுவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு மாலை போகத்தான் போகும். அணிலை ஏறவிட்ட நாய்போல மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிராமல், பிளக்கைக் கழற்றிவிட்டு மற்ற மாலையை எடுங்கள்.

அடுத்த இதழில்: தண்ணீர்க் குழாய் உறைந்தால் என்ன செய்வது.