எந்த ஏட்டை முதலில் எடுப்பது?

எல்லாம் அழிந்துபோனால் மறுபடி ஊர் கட்டி வாழ எந்த நூல்கள் வேண்டும் என்று பட்டியல் போடுவது படித்தவர்களுக்குப் பொழுதுபோக்கு. சுவடிக் காப்பாளர்களுக்கு அது அன்றாட வேலை. பனையோலை முந்நூறு ஆண்டு தாண்டுவது அரிது. அதற்குள் யாரோ ஒருவர் படியெடுக்கத் தகுந்தது என்று நினைத்த ஏடுதான் நம் கைக்கு வந்திருக்கிறது. மற்றதைக் கரையான் தின்றது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டதும் உண்டு.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் 40,000-க்கு மேல் சுவடிகள் உள்ளன. எதை முதலில் பதிப்பது? நூலின் பழமையையும் ஆசிரியர் பெயரையும் பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறோம். அந்த நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி (1798–1832) வேறு கணக்குப் போட்டார். அவருடைய மருத்துவசாலையான தன்வந்திரி மகாலில் வைத்தியம் நடந்தது; கைகண்ட முறைகள் தமிழ்ப் பாட்டாகத் தொகுக்கப்பட்டன. ஏடும் வைத்தியரும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

ஆள் இல்லாத ஏடு என்ன பாடுபடுத்தும் என்பது கும்பகோணத்துக்குத் தெரியும். 1880-இல் அங்கே கல்லூரி ஆசிரியரான உ.வே.சா., சீவக சிந்தாமணியைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் பிடிபடாமல் திண்டாடினார். அதே ஊரில் சமணர்கள் அதைப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் பதிப்பு வந்தது.

ஒளிவருடியில் எடுத்த படம் மட்டும் போதாது. ஏட்டில் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். குறில் நெடிலுக்கு ஒரே கொம்பு. 'அரசு' 'அாசு' ஆகத் தெரியும். இதில் பழகிய கண்கள் குறைந்துவருகின்றன. எழுத்தைப் பிடித்த பிறகும் தொல்லை தீராது. கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் குழியும் மாவும் வேலியும் வந்தால் பண்டிதர் அகராதியைத் தேடுவார். ஒரு மா 33 சென்ட், இருபது மா ஒரு வேலி என்று பாபநாசத்து விவசாயி யோசிக்காமல் சொல்வார்.

ஆகவே ஏட்டின் வயதைவிட, அதன் விஷயம் தெரிந்தவரின் வயதைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. மருத்துவம், நில அளவை, கணக்கு முன்னே வரட்டும். அரிய இலக்கியம் பின்தங்கும் என்று புலவர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும், படமெடுத்து வைத்த காவியம் இன்னும் பத்தாண்டு பொறுக்கும், எழுபத்தைந்து வயது வைத்தியர் பொறுக்கமாட்டார்.

ஆதிரங்கம் நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் 2 கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார். அதேபோல் நம் சுவடிப் பயிலரங்குகளிலும் பயில வந்தவருக்குச் சான்றிதழோடு ஒரு சுவடிக் கட்டின் படத்தையும் கொடுத்தனுப்பலாம். அடுத்த ஆண்டு அவர் அதன் பெயர்த்தெழுத்தோடும், ஏடு வாசிக்கப் பழக்கிய இன்னொருவரோடும் வந்து சேர வேண்டும்.