'எல்லோருக்கும்' என்றால் யாருக்கு?

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்தபோது, மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் கயாக் ஓட்ட ஒரு மாணவர் குழு அழைத்தது. அழகான இயற்கைக் காட்சி, இரண்டு மணி நேரம், அனுபவம் தேவையில்லை, எல்லோரும் வரலாம் என்றது அறிவிப்பு. பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நீந்தத் தெரியுமா? 'தெரியும்' என்று குறித்தேன். அது பொய்.

தொடக்கப்பள்ளியில் நீச்சல் பாடம் நடந்த நாள்களில் பாதிக்கு மேல் எனக்குச் சளி, காய்ச்சல். சில நாள் உண்மை, பல நாள் சாக்கு. பத்தொன்பது வயதில் அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. மிதவை அங்கிதான் தருவார்களே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போகும்போது காற்று முதுகுப்பக்கம் இருந்தது. படகு தானாகவே நகர்வதுபோல் இருந்தது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தது. இருவர் அமரும் படகில் முன்னால் தோழி, பின்னால் நான். இருவருமே புதியவர்கள். முன்னால் இருப்பவர் துடுப்பின் தாளத்தைச் சீராக வைத்திருக்க வேண்டும், பின்னால் இருப்பவர் அதைப் பின்பற்றியபடியே படகைத் திருப்ப வேண்டும் என்று கரையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். நடுநீரில் இருவருக்கும் அது மறந்துபோனது. படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பித் திரும்பி நின்றது. மற்ற படகுகள் தூரத்தில் சிறு புள்ளிகளாகிவிட்டன. கவிழ்ந்தால் என்ன செய்வது என்று விளக்கியபோது நான் தலையாட்டிக்கொண்டு மட்டும் இருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு படகு குறைவதைக் கவனித்த மூத்த மாணவர் ஒருவர் திரும்பி வந்து, எங்கள் படகைக் கயிற்றில் கட்டி இழுத்துச் சென்றார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கரையேறியதும் எல்லோரும் சேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டோம். 'அழகான காட்சி' எப்படி இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. இரண்டு மணி நேரமும் நான் பார்த்தது தோழியின் முதுகை மட்டும்தான்.

அன்று தவறு இரண்டு பக்கமும் இருந்தது. பொய் சொன்னது என் தவறு. 'எல்லோரும் வரலாம்' என்று எழுதிவிட்டு, நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களின் வேகத்தில் பயணத்தை நடத்தியது ஏற்பாட்டாளர்களின் தவறு. எல்லோரையும் அழைப்பது சுலபம். எல்லோரையும் ஒன்றாகக் கரைக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

ஓராண்டு கழித்து, வேறொரு குழுவுடன் அதே மெக்ரிட்சிக்குச் சென்றேன். வழிநடத்திய அக்கா முதலில் கேட்டது, "தண்ணீரைக் கண்டால் யாருக்கெல்லாம் பயம்?" என்றுதான். கேட்டுவிட்டுத் தம் கையையும் உயர்த்தினார். உடனே நான்கு கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது.

முதல் இருபது நிமிடம் கரையோரத்திலேயே இருந்தோம். பயந்தவர்கள் ஒவ்வொருவராகப் படகைக் கவிழ்த்து நீரில் விழுந்து பார்த்தோம். இறுகக் கட்டிய அங்கி என்னை மேலே தூக்கி நிறுத்தியது. அந்த ஐந்து விநாடிகள் தந்த தைரியத்தை அதுவரை எந்த அறிவுரையும் தந்ததில்லை. பிறகு காற்றை எதிர்த்து முதலில் சென்றோம், களைத்துத் திரும்பும்போது அது எங்களைத் தள்ளிக்கொண்டு வரட்டும் என்று. ஆக மெதுவான படகு முன்னால் சென்றது. மற்றவர்கள் அதை முந்தக்கூடாது.

அன்றுதான் மெக்ரிட்சியைப் பார்த்தேன். 1868இல் கட்டி முடிக்கப்பட்ட, நாட்டின் ஆகப் பழைய நீர்த்தேக்கம் அது. நீர் விளிம்புவரை இறங்கி நிற்கும் காடு, கிளையில் அமர்ந்திருந்த மீன்கொத்தி, தலையை மட்டும் வெளியே நீட்டி நீந்திச் சென்ற உடும்பு எல்லாம் முன்பும் அங்கேதான் இருந்திருக்கும். பயந்தவன் கண்ணுக்குக் காட்சி தெரியாது.

இப்படி மெதுவாகப் போனால் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்குச் சலிப்பாக இருக்காதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வேகமாகச் செல்ல விரும்புவோர் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளட்டும், அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால், 'எல்லோருக்கும்' என்று அறிவித்துவிட்ட நாளில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. தடுமாறும் படகின் அருகில் போய் நிற்பது, காற்று மாறுவதைக் கவனிப்பது, கயிறு கட்டி இழுப்பது ஆகியவையும் திறன்கள்தாம். வேகமாக ஓட்டுவதைவிட இவை கடினம்.

பள்ளியிலோ கல்லூரியிலோ இத்தகைய பயணங்களை ஏற்பாடு செய்யும் மாணவர்களுக்குச் சில யோசனைகள். 'நீந்தத் தெரியுமா?' என்ற ஒற்றைக் கேள்வியோடு படிவத்தை முடிக்காதீர்கள். தலை நீரில் மூழ்கினால் பதறுவீர்களா, கடைசியாகத் துடுப்புப் பிடித்தது எப்போது என்றும் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் பெயரை நீக்கிவிட மாட்டோம், அதற்கேற்பத் திட்டமிடுவோம் என்று அதே படிவத்தில் எழுதுங்கள். புதியவரையும் பழகியவரையும் ஒரே படகில் அமர்த்துங்கள். கடைசியில் எப்போதும் ஒரு தேர்ந்தவர் வரட்டும். இடி மின்னல் எச்சரிக்கை வந்தால், பாதி வழியில் இருந்தாலும் கரையேறுங்கள்.

உயர்நிலை மூன்றில் புலாவ் ஊபின் முகாமில் துடுப்புப் பிடித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அதற்குப் பிறகு அதைத் தொடாதவர்களும் பலர். பிடோக் நீர்த்தேக்கத்திலும் ஜூரோங் ஏரியிலும்கூட கயாக் ஓட்டலாம். பேருந்தில் போய்வரும் தூரம்தான். தண்ணீர் நமக்குச் சரிப்படாது என்று ஒதுங்கியிருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். படிவத்தில் மட்டும் உண்மையைக் குறியுங்கள்.

நான் இப்போது நீச்சல் வகுப்புக்குப் போகிறேன். என்னோடு பழகுபவர்களில் பெரும்பாலோர் ஏழு வயதுப் பிள்ளைகள். அவர்கள் என்னைவிட வேகமாக நீந்துகிறார்கள். அக்கரையை அடைந்ததும், "சீக்கிரம் வாங்க அக்கா" என்று எனக்காகக் காத்திருக்கிறார்கள்.