சிங்கராஜ வனத்து மூஞ்சூறு

மாலை மங்கியதும் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூற்றை அறியாதார் நம்மவருள் இலர். விநாயகப் பெருமானின் வாகனம் என்று அதற்குச் சிறிது மரியாதையும் உண்டு. ஆயினும், எலியென்றெண்ணி விளக்குமாற்றை ஓங்குவோரே அதிகம். மூஞ்சூறு எலியன்று. எலி கொறிக்கும் பிராணி; மூஞ்சூறோ புழு பூச்சிகளைத் தேடித் தின்பது. அதற்கு உறவு முள்ளெலியும் அகழெலியுமேயாம். (அவையும் பெயரளவிலேயே எலிகள்!)

வீட்டு மூஞ்சூற்றின் உறவினம் ஒன்று நமது நாட்டின் சிங்கராஜ வனத்தில் வாழ்கின்றது. 2007ஆம் ஆண்டில், சுயாமா மீகஸ்கும்புரவும் அவருடன் ஆராய்ந்தோரும் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்புநோக்கி, அதனைத் தனி இனமென நிலைநாட்டினர். மூஞ்சூற்றைக் குறிக்கும் ‘ஹிக் மீயா’ என்னும் சிங்களச் சொல்லே விஞ்ஞானப் பெயரிலும் அமைந்தது: குரோசிடுரா ஹிக்மியா.

மக்கிய சருகு படிந்த ஈரத்தரையே அதன் உலகம். மூஞ்சூறுகளுக்குக் கண் மிகச் சிறிது. மூக்கும் மீசையுமே வழிகாட்டிகள். உடல் சிறுக்கச் சிறுக்க, எடையை நோக்க அதன் மேற்பரப்பு மிகும் என்பதை மாணவர் அறிவர். அதனால் உடல் வெப்பம் விரைவில் வெளியேறுகின்றது. அவ்விழப்பை ஈடுசெய்ய ஓயாது உண்ண வேண்டும். நாம் விரதமிருப்பதுபோல் ஒருநாள் பட்டினி கிடத்தல் அதற்கு இயலாத காரியம். இக்கூட்டத்தைச் சேர்ந்த பல மூஞ்சூறுகளிடம் இன்னொரு வியப்பான பழக்கமுண்டு. தாய் இடம் மாறும்போது ஒரு குட்டி அதன் வாலடியைக் கவ்வ, அதன் பின்னே மற்றொன்று கவ்வ, புகையிரதப் பெட்டிகள்போல் அனைத்தும் தொடர்ந்து செல்லும்.

இத்தகைய சிற்றுயிருக்கு வேண்டியவை நிழலும் சருகும் ஈரமுமே. பெருமரம் விழுந்தால் வெயில் நுழையும், தரை உலரும், பூச்சிகள் குறையும். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்கொண்டு மரம் வெட்டத் தொடங்கினர். பொதுமக்களின் எதிர்ப்பினால் 1977இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. மரம் வீழ்ந்த அந்நாட்களில் இந்த மூஞ்சூற்றுக்குத் தனிப்பெயர்கூட இல்லை. அன்று அழிந்திருந்தால், இப்படியொன்று இருந்ததென்றே நாம் அறிந்திருக்க மாட்டோம். பெயர் பெற்ற பின்னரும் அது ஆபத்துக்குள்ளான இனங்களுள் ஒன்றாகவே எண்ணப்படுகின்றது; வனத்தின் ஓரங்களில் தேயிலைச் செய்கை நெருங்கி நிற்கின்றது.