போனைப் பிடுங்குறீங்க சரி, வண்டிச் சாவியை?

மக்களே, கொஞ்சம் நீளமான இழை. வீட்ல பிள்ளைங்க இருக்கவங்க கடைசி வரை படிச்சிருங்க.

1/ டி. கல்லுப்பட்டி பக்கம், திருமங்கலம் – ராஜபாளையம் ரோட்டுல பைக்கோட விழுந்த பையன். வயசு 15. ஹெல்மெட் இல்ல, தலையில அடி. அம்மா அழுதுகிட்டே சொன்னாங்க: "எந்நேரமும் போன்ல கார் கேம்தான் சார். ஆளை இடிச்சா பாயின்டாம். அதைப் பாத்துத்தான் இப்படி ஓட்டிருக்கான்."

நான் கேட்டேன்: "வண்டிச் சாவி யாரும்மா குடுத்தா?" பதில் வரல.

2/ இந்தப் பழி புதுசு இல்ல. 1975ல 'டெத் ரேஸ் 2000'னு ஒரு ஹாலிவுட் படம். வருங்காலத்துல நடக்குற கார் பந்தயம். ரோட்டுல போறவனை ஏத்திக் கொன்னா மார்க்!

3/ அடுத்த வருஷமே அதே சாயல்ல எக்ஸிடி கம்பெனி 'டெத் ரேஸ்'னு காசு போட்டு ஆடுற மெஷினை இறக்குச்சு. கருப்பு வெள்ளைத் திரை, குச்சி உருவங்கள். இடிச்சா அந்த இடத்துல சிலுவை முளைக்கும். அமெரிக்காவே கொதிச்சது. "அது மனுஷன் இல்லைங்க, பூதம்"னு கம்பெனி சமாளிச்சது.

4/ கிட்டத்தட்ட 50 வருஷமா நாம கேமைத் திட்டிட்டுத்தான் இருக்கோம். ரோட்டுல சாவு நின்னுச்சா? 2022ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல ஹெல்மெட் போடாம இறந்தவங்க 50,029. இவங்களை எந்தக் கேம் கொன்னுச்சு?

5/ கேம் சுத்தமான தங்கம்னு நான் சொல்லல. ரேஸ் கேம் ஆடி முடிச்ச கொஞ்ச நேரத்துக்கு ரிஸ்க் எடுக்கும் எண்ணம் கூடுதுன்னு ஆய்வு இருக்கு. கேமுக்கு அடிமையாகுறதை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்கு. தூக்கம், படிப்பு, சாப்பாடு கெட்டா கண்டிப்பா டாக்டரைப் பாருங்க.

6/ ஆனா கேம்ல செத்தா மறுபடி ஆடலாம். ரோட்டுல ஒரே உயிர். வேகம் ரெண்டு மடங்கானா மோதுற சக்தி நாலு மடங்கு. மண்டை ஓட்டுக்கு அது தாங்காது.

7/ ஹெல்மெட் போட்டா தலைக்காயம் 69%, சாவு 42% குறையுதுன்னு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவங்க சொல்றாங்க. டேங்க் மேல வச்சுட்டுப் போனா இல்ல. தலையில, பட்டை மாட்டி.

8/ "பக்கத்துத் தெருவுக்குத்தானே"னு சாவி குடுக்குற அப்பாக்களுக்கு: 2019 சட்டத் திருத்தப்படி சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தா பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபா அபராதம். வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது.

9/ பத்தாவது பாஸ் பண்ணா பைக்னு ஆசை காட்டுறது நாம. அவன் ஒத்தக் கையில ஓட்டுறதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறதும் நாம. ரத்தத்தோட தூக்கிட்டு வரும்போது மட்டும் குற்றவாளி போன்!

10/ இன்னைக்கு ராத்திரி போனைப் பிடுங்குறதுக்கு முன்னாடி, ஆணியில தொங்குற சாவியை எடுத்து ஒளிச்சு வைங்க. அவனுக்கு 18 ஆகட்டும், லைசென்ஸ் வரட்டும். அப்ப ஹெல்மெட்டோட சேர்த்துக் குடுங்க.